தரவுத்தளக் கணக்குகளை நிரல் வழியே பாதுகாப்பாக நிர்வகிப்பது: ஓர் எளிய அறிமுகம்

“எங்கள் ஆப்பில் எல்லாருடைய பாஸ்வேர்டையும் ஹாஷ் செய்துதான் வைத்திருக்கிறோம். அதனால் டேட்டாபேஸ் பாதுகாப்பாக இருக்கிறது.” மென்பொருள் குழுக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. முதல் வாக்கியம் நல்ல செய்தி: ஹாஷ் என்றால், கடவுச்சொல்லை மறுபடி மூலத்துக்குத் திருப்ப முடியாத எழுத்துக் கோவையாக மாற்றி வைப்பது. ஆனால் இரண்டாவது வாக்கியம் அதிலிருந்து வருவதில்லை.

அந்த ஆப்பில் பத்தாயிரம் பேர் பதிவு செய்திருக்கலாம். தரவுத்தள சர்வரைப் பொறுத்தவரை அவர்களில் ஒருவர்கூடப் பயனர் இல்லை. ஒரு டேபிளில் இருக்கும் பத்தாயிரம் வரிகள், அவ்வளவுதான். சர்வருக்குத் தெரிந்த பயனர் பெரும்பாலும் ஒரே ஒருவர்: அந்த ஆப் எந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து சர்வரோடு இணைகிறதோ, அந்தக் கணக்கு. பல இடங்களில் அது டேபிளை அழிக்கவும், புதுக் கணக்கு திறக்கவும், எல்லாவற்றையும் படிக்கவும் முடிந்த தலைமைக் கணக்காகவே இருக்கிறது. அந்த ஒரு கணக்கு அந்நியர் கைக்குப் போனால் பத்தாயிரம் வரிகளும் சேர்ந்தே போகும். வாடிக்கையாளரின் கடவுச்சொல் ஹாஷ் ஆக இருப்பதால் அவருடைய முகவரியும் மற்ற விவரமும் தப்பிவிடாது.

இந்தக் கட்டுரை இந்தத் தரவுத்தளக் கணக்குகளைப் பற்றியது. அவற்றை ஒரு நிரல் தானாகவே உருவாக்கி, மாற்றி, மூடும்போது எங்கெல்லாம் ஓட்டை விழுகிறது, எப்படி அடைப்பது என்று பார்ப்போம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலிருந்து வரும். தேவையான இடத்தில் இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லும் வரும்.

## உக்கிராண அறைச் சாவி

கல்யாண மண்டபத்தில் உக்கிராண அறை என்று ஒன்று இருக்கும். மளிகை, நெய், முந்திரி, தேங்காய் எல்லாம் அங்கேதான். அதன் சாவியை வீட்டில் நம்பிக்கையான ஒருவர், பெரும்பாலும் ஒரு சித்தப்பாவோ மாமாவோ, இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார். சமையல்காரருக்கு நெய் வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிட வேண்டும்; அளந்து எடுத்துக் கொடுப்பார். பந்தி பரிமாறுகிறவர்களுக்கு அந்த அறைக்குள் வேலையே இல்லை. கல்யாணம் முடிந்து மண்டபத்தைக் காலி செய்யும்போது சாவி மேனேஜரிடம் திரும்பிப் போகும்.

சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். ஆனால் முகூர்த்தத்துக்கு முன்பே ஒரு டின் நெய் குறைந்தால், யாரைக் கேட்பது?

தரவுத்தளக் கணக்கிலும் இதே மூன்று கேள்விகள்தான். உள்ளே வருவது யார்? வந்தவர் எதைத் தொடலாம்? எதுவரை தொடலாம்? முதல் கேள்விக்குப் பதில் சொல்வது கணக்கும் கடவுச்சொல்லும். இரண்டாவதற்குப் பதில் அதிகாரங்கள். மூன்றாவதற்குப் பதில் கணக்கின் ஆயுள். பெரும்பாலான குழுக்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. நீளமான, யாராலும் ஊகிக்க முடியாத கடவுச்சொல் ஒன்றை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். குறைவாகவே செய்ய முடிந்த, சீக்கிரமே காலாவதியாகும் கணக்குதான் உண்மையில் பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. கடவுச்சொல் என்றாவது ஒருநாள் வெளியே போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

முதல் கேள்வியையே கேட்காமல் விட்டதும் நடந்திருக்கிறது. 2017 ஜனவரியில், இணையத்துக்குத் திறந்தபடி, கடவுச்சொல்லே கேட்காமல் ஓடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்களுக்குள் நுழைந்து, உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, பணம் கேட்டுக் குறிப்பு வைத்துவிட்டுப் போனார்கள். அதே ஆண்டு வந்த 3.6 பதிப்பிலிருந்து, நாமே மாற்றி அமைத்தால் ஒழிய மாங்கோடிபி தான் ஓடும் கணினிக்கு உள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும்படி ஆனது.

## நிரல் வழியே என்றால் என்ன?

ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை சொல்வதற்கென்று ஒழுங்குபடுத்தி வைத்த வாசல்தான் ஏபிஐ. தரவுத்தளக் கணக்குகளுக்கு அப்படி இரண்டு வாசல்கள் உண்டு.

ஒன்று, தரவுத்தளத்தின் சொந்த மொழியான எஸ்கியூஎல். பைத்தானிலோ ஜாவாவிலோ எழுதிய நிரல், ஒரு நூலகத்தின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) மூலம் சர்வரோடு இணைந்து, கணக்கை உருவாக்கும் ‘கிரியேட் ரோல்’, அதிகாரம் கொடுக்கும் ‘கிராண்ட்’, பறிக்கும் ‘ரிவோக்’ போன்ற கட்டளைகளை அனுப்பும். இரண்டாவது, கிளவுட் நிறுவனங்கள் தரும் இணைய வழி ஏபிஐ. ஒரு முகவரிக்குக் கோரிக்கை அனுப்பினால் அவர்களே உள்ளே கணக்கைத் திறந்து தருவார்கள்.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்வோம். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் தரும் சிறு நிறுவனம் ஒன்று. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித் தரவுத்தளம். புதிய நிலையம் ஒன்று சேரும்போது, முடிவுகளை எழுதும் நிரலுக்கு ஒரு கணக்கு, நோயாளி தன் அறிக்கையைப் பார்க்கும் இணையதளத்துக்கு ஒரு கணக்கு, மாதாந்தர வரவு செலவு பார்ப்பவருக்கு ஒன்று என்று மூன்று கணக்குகள் திறக்க வேண்டும். கையால் செய்தால் ஒருநாள் அவசரத்தில் எல்லாருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் நிரலிடம் விடுவதே நல்லது. இந்தக் கணக்குகளைத் திறக்கும் நிரலை ‘மேலாளர் நிரல்’ என்று இனி அழைப்போம்.

## மேலாளர் நிரலின் கையில் என்ன இருக்கிறது?

மற்றவர்களுக்குச் சாவி வெட்டிக் கொடுக்கிற நிரலிடம்தான் இருப்பதிலேயே பெரிய சாவி இருக்கிறது. அதை யாராவது கைப்பற்றினால் வேறு எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கத் தேவையில்லை; தனக்கு வேண்டிய கணக்கைத் தானே திறந்துகொள்வார்.

போஸ்ட்கிரெஸில் எல்லாத் தடைகளையும் தாண்டிப் போகும் கணக்குக்கு சூப்பர்யூசர் என்று பெயர். மேலாளர் நிரலுக்கு அது வேண்டவே வேண்டாம். கணக்கு திறக்க மட்டும் உரிமை தரும் ‘கிரியேட்ரோல்’ என்ற தனி அதிகாரம் இருக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: பதிப்பு 15 வரை இந்த அதிகாரம் பெயர் சொல்வதைவிட மிகப் பெரியது. அது இருந்தால் சூப்பர்யூசர் அல்லாத எந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றலாம். சர்வரில் நிரல்களை ஓட்டும் உரிமையுள்ள உள்ளமைந்த குழுக்களில்கூடத் தன்னைச் சேர்த்துக்கொள்ளலாம். 2023-இல் வந்த பதிப்பு 16-இல்தான் இதைச் சுருக்கினார்கள். இப்போது தான் திறந்த கணக்குகளையும், தன் பொறுப்பில் வெளிப்படையாக விடப்பட்ட கணக்குகளையும் மட்டுமே அது கையாள முடியும். பழைய பதிப்பில் ஓடுகிறீர்கள் என்றால், மேம்படுத்த இந்த ஒரு காரணமே போதும்.

மேலாளர் நிரலைத் தனி சேவையாக வைக்க வேண்டும். வாடிக்கையாளர் பார்க்கும் இணையதளமும் அதுவும் ஒரே நிரலாக இருக்கக் கூடாது. இணையதளம் “புதிய நிலையம் சேர்ந்திருக்கிறது” என்று ஒரு வரிசையில் எழுதிவைக்கட்டும். மேலாளர் நிரல் அதை எடுத்துச் சரிபார்த்து வேலையை முடிக்கட்டும். இணையதளத்தில் ஓட்டை விழுந்தாலும் பெரிய சாவி அங்கே இருக்காது.

## அதிகாரத்தைக் குழுவுக்குக் கொடுங்கள்

போஸ்ட்கிரெஸில் பயனர், குழு என்று இரண்டு தனிப் பொருள்கள் இல்லை. இரண்டுமே ‘ரோல்’. உள்ளே நுழையும் உரிமை சேர்த்த ரோல் பயனராகிறது; அது இல்லாத ரோலைக் குழுவாகப் பயன்படுத்தலாம். இந்த அமைப்பு நமக்கு மிகவும் வசதி. ‘முடிவு எழுதுவோர்’, ‘அறிக்கை வாசிப்போர்’, ‘கணக்கர்’ என்று மூன்று குழு ரோல்களை ஒருமுறை யோசித்து அமைத்து, அதிகாரங்கள் எல்லாவற்றையும் அவற்றுக்கே கொடுத்துவிடலாம். பிறகு மேலாளர் நிரல் செய்ய வேண்டியது, புதுக் கணக்கைத் திறந்து சரியான குழுவில் சேர்ப்பது மட்டும்தான். எந்த டேபிளுக்கு என்ன அதிகாரம் என்று ஒவ்வொரு முறையும் அது முடிவெடுக்கத் தேவையில்லை.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு.

“எல்லா டேபிளையும் படிக்கலாம்” என்று ஒரு குழுவுக்கு அதிகாரம் கொடுத்தால், அது அந்த நிமிடம் இருக்கும் டேபிள்களுக்கு மட்டுமே. அடுத்த வாரம் உருவாகும் டேபிளுக்குச் செல்லாது. அன்றைக்கு அறிக்கை இணையதளம் “அனுமதி மறுக்கப்பட்டது” என்று நிற்கும்; வாடிக்கையாளர் போன் செய்துகொண்டே இருப்பார்; யாரோ ஒருவர் பதற்றத்தில் அந்தக் கணக்குக்கு எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிடுவார். அப்படிக் கொடுத்ததை யாரும் திரும்பப் பறிப்பதில்லை. இனி உருவாகப்போகும் டேபிள்களுக்கும் சேர்த்து அதிகாரம் சொல்ல ‘ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை முதல் நாளே ஓட்டிவிட்டால் இந்தப் பதற்றமே வராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டேபிள்களை எந்த ரோல் உருவாக்கப்போகிறதோ, அந்த ரோலுக்காகத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, எல்லாரையும் குறிக்கும் ‘பப்ளிக்’ என்ற மறைமுகக் குழு. புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு கணக்கும் கேட்காமலேயே அதில் சேர்ந்துவிடும். அந்தக் குழுவுக்கோ, ஒரு தரவுத்தளத்தோடு இணையும் உரிமை இயல்பாகவே இருக்கிறது. நம் நிறுவனத்தில் மதுரை நிலையத்துக்குத் திறந்த கணக்கு, நாம் தடுக்காவிட்டால் சேலம் நிலையத்தின் தரவுத்தளத்தோடும் இணைய முடியும். டேபிள்களைப் படிக்க முடியாமல் போகலாம். ஆனாலும் வாசலைத் தாண்டி உள்ளே நிற்கும். தரவுத்தளம் உருவாக்கிய உடனே பப்ளிக்கிடமிருந்து இணையும் உரிமையை ரிவோக் செய்வதை மேலாளர் நிரலின் முதல் வேலைகளில் ஒன்றாக வையுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் கணக்கு என்பது பெயர் மட்டும் இல்லை. எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான். ஒரே பெயர், இரண்டு வெவ்வேறு முகவரிகள் என்றால் இரண்டு வெவ்வேறு கணக்குகள். முகவரி இடத்தில் சதவீதக் குறி போட்டால் எங்கிருந்தும் வரலாம் என்று அர்த்தம். எடுத்துக்காட்டுகளில் அந்தக் குறி அடிக்கடி வருவதால் பலர் அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆப் ஓடும் சர்வர்களின் முகவரி வரம்பை மட்டும் கொடுங்கள்.

இதுவரை பார்த்தது: மேலாளர் நிரலுக்குக் குறைந்த அதிகாரம், தனி இடம். அதிகாரங்கள் குழுவுக்கு, கணக்குகள் குழுவுக்குள். கேட்காமலே கிடைக்கும் உரிமைகளைத் தேடிப் பறிப்பது.

## பெயருக்குள் ஒளிந்து வரும் கட்டளை

நிரல் எழுதுகிறவர்களுக்கு எஸ்கியூஎல் ஊடுருவல் பற்றிப் பாடம் எடுத்திருப்பார்கள். பயனர் தட்டச்சு செய்ததைக் கட்டளைக்குள் அப்படியே ஒட்டினால், அவர் தட்டச்சு செய்தது தரவாக இல்லாமல் கட்டளையாகவே ஓடிவிடும். தீர்வும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: கட்டளையில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, மதிப்பைத் தனியாக அனுப்ப வேண்டும். இந்த முறைக்கு பைண்ட் பாராமீட்டர் என்று பெயர்.

போஸ்ட்கிரெஸில் கணக்கு திறக்கும் கட்டளைக்கு இந்த முறை வேலை செய்யாது. டேபிளில் தேட, சேர்க்க, மாற்ற, அழிக்கத்தான் காலியிடம் விட முடியும். கிரியேட் ரோல் கட்டளையில் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்தாகவே எழுதியாக வேண்டும். முயன்று பார்த்துப் பிழை வந்ததும், பாடம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூடச் எழுத்துக் கோவைகளை, அதாவது சரங்களை, ஒட்டும் பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதுவும் இருப்பதிலேயே அதிக அதிகாரமுள்ள இணைப்பில்!

என்ன நடக்கும் என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நிரல், பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து ஒட்டுகிறது. நிலையத்தின் பெயர் கேட்கும் பெட்டியில் ஒருவர் “ரவி” என்று எழுதி, அதை அடுத்து ஓர் இரட்டை மேற்கோள், பிறகு ‘கிரியேட்ரோல்’ என்ற சொல், பிறகு எஸ்கியூஎல்லில் ‘இதற்குப் பிறகு வருவது குறிப்பு’ என்று பொருள்படும் இரண்டு சிறு கோடுகள் போடுகிறார். அவர் போட்ட மேற்கோள், பெயரை அங்கேயே முடித்துவிடுகிறது. அடுத்த சொல் அதிகாரமாகிறது. நிரல் அதன் பின்னால் ஒட்டியதெல்லாம் குறிப்பாகி மறைந்துவிடுகிறது. புதுக் கணக்கு திறக்கும் உரிமையுள்ள ரவி பிறந்துவிட்டார்.

இதற்கு இரண்டு அடுக்குத் தடுப்பு வேண்டும். முதலாவது, மேற்கோளை நாமே ஒட்டாமல், அதற்கென்று இருக்கும் கருவியிடம் விடுவது. பைத்தானின் சைகோபிஜி நூலகத்தில் பெயர்களுக்கு ‘ஐடென்டிஃபையர்’ என்றும் மதிப்புகளுக்கு ‘லிட்டரல்’ என்றும் தனித்தனி வகைகள் உண்டு. போஸ்ட்கிரெஸுக்கு உள்ளேயே ‘ஃபார்மட்’ என்ற செயல்கூறு இதைச் செய்கிறது. பெயருக்குள் வரும் மேற்கோளை இரட்டிப்பாக்கி, அது பெயரை முடிக்காதபடி பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, வெளியாட்கள் தந்த பெயரைக் கணக்குப் பெயராக எடுக்கவே எடுக்காதது. மேலாளர் நிரலே சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும் கொண்ட ஒரு பெயரை உருவாக்கட்டும். நிலையத்தின் உண்மைப் பெயர் ஒரு டேபிளில் தனியாக இருந்தால் போதும்.

இரண்டாவது தடுப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழில் பெயர் வைக்கும்போது இது நேராகவே வந்து இடிக்கும். போஸ்ட்கிரெஸில் ஒரு பெயர் 63 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் உயிர்மெய்யின் மெய்யெழுத்துக்கு 3, அதன் துணைக்குறிக்கு இன்னொரு 3. “திருநெல்வேலி” என்ற சொல்லுக்கே 36 பைட் போய்விடும். ‘திருநெல்வேலி_பாளையங்கோட்டை_வாசிப்பு’, ‘திருநெல்வேலி_பாளையங்கோட்டை_எழுத்து’ என்று இரண்டு ரோல்கள் திறக்கப் போனால், இரண்டுமே ‘திருநெல்வேலி_பாளையங்க’ என்று வெட்டுப்பட்டு ஒரே பெயராகிவிடும். வெட்டியதைச் சர்வர் ஓர் அறிவிப்பாகச் சொல்லுமே தவிர, அதற்காக நிறுத்தாது. இரண்டாவது கணக்கைத் திறக்கும்போது “ஏற்கெனவே இருக்கிறது” என்று பிழை வரும். அந்தப் பிழையைப் பொருட்படுத்தாமல் நிரல் அடுத்த கட்டளைக்குப் போனால், எழுதுகிறவருக்கான அதிகாரம் வாசிக்க மட்டுமே வேண்டிய கணக்கில் போய் உட்காரும்.

## கடவுச்சொல் எங்கெல்லாம் தங்கிவிடுகிறது?

போஸ்ட்கிரெஸ் இன்று கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறைக்கு ஸ்கிராம் என்று பெயர். 2017-இல் பதிப்பு 10-இல் வந்தது. 2021-இல் பதிப்பு 14-இல் இயல்பு முறையானது. சர்வரில் கடவுச்சொல் இருக்காது. கடவுச்சொல்லோடு ‘சால்ட்’ எனப்படும் தற்செயல் மதிப்பைச் சேர்த்து, இயல்பாக 4096 முறை கலக்கி எடுத்த ஒரு சரம்தான் இருக்கும். உள்ளே நுழையும்போதும் கடவுச்சொல் பயணிப்பதில்லை. தனக்கு அது தெரியும் என்பதற்கான ஓர் அத்தாட்சியைக் கணக்கிட்டு அனுப்புகிறது நம் பக்கத்து நிரல்.

இதற்கு முன்பிருந்த எம்டி5 முறையில், சர்வரில் இருந்த கலவையைத் திருடினாலே போதும். மூலக் கடவுச்சொல் தெரியாமலே அதை வைத்து உள்ளே நுழையலாம். 2025-இல் வந்த பதிப்பு 18 அந்த முறையைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. இன்னும் அதில் இருக்கும் கணக்குகள் உங்களிடம் இருந்தால், அவற்றுக்குப் புதுக் கடவுச்சொல் வைத்து ஸ்கிராமுக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். நுழையும்போது பயணிக்காத கடவுச்சொல், கணக்கு திறக்கும்போது மட்டும் பயணிக்கிறது. கிரியேட் ரோல் கட்டளையில் அது வெறும் எழுத்தாக எழுதப்பட்டு சர்வருக்குப் போகிறது. அங்கே போன பிறகுதான் கலக்கப்படுகிறது. அந்தக் கட்டளை முழுவதும், சர்வர் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் லாக் கோப்பில் பதிவாகலாம். அமைப்பை மாற்றும் கட்டளைகளை எல்லாம் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் நிச்சயம் பதிவாகும். அப்படிச் சொல்லாவிட்டாலும், பிழையில் முடிந்த கட்டளைகளை போஸ்ட்கிரெஸ் இயல்பாகவே லாக்கில் எழுதும். மேலே பார்த்த “ஏற்கெனவே இருக்கிறது” பிழையை நினைத்துப் பாருங்கள். லாக்கில் முதலில் பிழைச் செய்தி, அடுத்த வரியில் முழுக் கட்டளை, அதன் கடைசியில் ஒற்றை மேற்கோளுக்குள் கடவுச்சொல். அந்த லாக்கைத் திரட்டும் சேவைக்கும், அதன் பிரதிக்கும், அதைப் படிக்க அனுமதி உள்ள ஒவ்வொருவருக்கும் அந்தக் கடவுச்சொல் தெரிந்துவிட்டது.

தீர்வு எளிமையானது, ஆனால் பலருக்குத் தெரிவதில்லை. சர்வர் செய்யும் கலவையை நம் பக்கத்திலேயே செய்து, அந்தச் சரத்தை மட்டும் அனுப்பலாம். கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்கிராம் வடிவத்தில் ஒரு சரம் வந்தால், போஸ்ட்கிரெஸ் அதை அடையாளம் கண்டு அப்படியே வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸோடு வரும் லிப்பிக்யூ நூலகத்தில் இதற்கான வசதி பதிப்பு 10 முதல் இருக்கிறது. கலக்கி அனுப்புவது வரை ஒரே அழைப்பில் முடிக்கும் வசதி 2024-இல் பதிப்பு 17-இல் சேர்ந்தது. லாக்கில் அந்தச் சரம் விழுந்தாலும், அதை மட்டும் வைத்து உள்ளே நுழைய முடியாது. மைஎஸ்கியூஎல் இந்த விஷயத்தில் தானாகவே உதவுகிறது. லாக்கில் எழுதும்போது கணக்குக் கட்டளைகளின் கடவுச்சொல் பகுதியை மாற்றி எழுதிவிடும்.

இணைய வழி ஏபிஐ என்றால், கடவுச்சொல்லை முகவரியின் பகுதியாக ஒருபோதும் வைக்காதீர்கள். வலை சர்வர்களும் இடைநிலைச் சர்வர்களும் முகவரிகளைத்தான் பதிவு செய்து வைக்கின்றன. கோரிக்கையின் உடலுக்குள் வையுங்கள். உங்கள் ஏபிஐ கணக்குப் பட்டியலைத் திருப்பித் தரும்போது கடவுச்சொல் அதில் இருக்கவே கூடாது. திறந்த அந்த ஒரு தடவை மட்டும் காட்டினால் போதும். நெட்வொர்க் தடைபட்டு அதே கோரிக்கை இரண்டாம் முறை வந்தால், இருக்கிற கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிடாமல் “இது முன்பே முடிந்தது” என்று பதில் சொல்லும்படி எழுதுங்கள்.

கடவுச்சொல்லை மனிதர் யோசிக்க வேண்டாம், நிரலே உருவாக்கட்டும். ஆனால் விளையாட்டுக்கும் மாதிரி ஆய்வுக்கும் பயன்படும் தற்செயல் எண் கருவியை எடுக்கக் கூடாது; அதன் முந்தைய எண்கள் தெரிந்தால் அடுத்ததைக் கணிக்க முடியும். பைத்தானில் ‘ரேண்டம்’ தொகுதிக்குப் பதில் ‘சீக்ரெட்ஸ்’ தொகுதி. மற்ற மொழிகளிலும் பாதுகாப்புக்கென்றே தனிக் கருவி உண்டு.

இணைப்பும் குறியாக்கத்தில்தான், அதாவது இடையில் ஒட்டுக்கேட்பவருக்குப் புரியாத வடிவில்தான், ஓட வேண்டும். லிப்பிக்யூ இயல்பாக ‘பிரிஃபர்’ என்ற நிலையில் இருக்கும்: முடிந்தால் குறியாக்கம் செய்யும், எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று சான்றிதழைச் சரிபார்க்காது. அதை ‘வெரிஃபை-ஃபுல்’ நிலைக்கு மாற்ற வேண்டும்.

## சாவியை நிரலுக்குள் எழுதாதீர்கள்

2016-இல், நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் உபர் நிறுவனம் வைத்திருந்த களஞ்சியத்துக்குள் இரண்டு பேர் நுழைந்தார்கள். வெளியாருக்குத் திறக்காத களஞ்சியம் அது. அங்கே நிரலுக்குள் அமேசான் கிளவுடின் சாவி எழுதப்பட்டிருந்தது. அதை எடுத்துச் சேமிப்பகத்தைத் திறந்து, உலகெங்கும் சுமார் 5.7 கோடி பேரின் விவரங்களை எடுத்துப் போனார்கள். செய்தி 2017 நவம்பரில்தான் வெளியே வந்தது. “எங்கள் களஞ்சியம் பிரைவேட்தான்” என்று சொல்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் கிட் கருவியில் ஒருமுறை போட்டதைப் பிறகு அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். அப்படிப் போன கடவுச்சொல்லை மாற்றுவது ஒன்றே வழி.

ரகசியங்களுக்கென்று இருக்கும் பெட்டகச் சேவையில் வைத்து, நிரல் தொடங்கும்போது கேட்டு வாங்குவதே முறை. அதைவிட ஒரு படி மேலே போகலாம்: நிரந்தரக் கடவுச்சொல்லே இல்லாமல் செய்யலாம். அப்படியொரு பெட்டகமான ஹாஷிகார்ப் வால்ட், நிரல் கேட்கும்போது தரவுத்தளத்தில் ஒரு புதுக் கணக்கைத் திறந்து குறிப்பிட்ட நேரத்துக்குக் கொடுக்கும். நேரம் முடிந்ததும் தானே அழித்துவிடும். அமேசானின் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் கடவுச்சொல்லுக்குப் பதில் 15 நிமிடம் மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டை வாங்கி உள்ளே நுழையலாம். யாராவது அதைத் திருடி இரவு வீட்டுக்குப் போய் முயன்றால் அது செத்திருக்கும்.

நிரந்தரக் கடவுச்சொல் தவிர்க்க முடியாத இடத்தில், ஆப் நிற்காமல் அதை மாற்றும் வழி வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் 2019 முதல் ஒரு கணக்குக்குப் பழையது, புதியது என்று இரண்டு கடவுச்சொற்கள் ஒரே நேரத்தில் செல்லும். எல்லாச் சர்வர்களும் புதியதற்கு மாறிய பின் பழையதை நீக்கலாம். போஸ்ட்கிரெஸில் இந்த வசதி இல்லை. அங்கே ஒரே குழுவில் இரண்டு கணக்குகளை வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள்: ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றதன் கடவுச்சொல்லை மாற்றி, ஆப்பை அதற்குத் திருப்பிவிடுவார்கள். அதிகாரம் குழுவிடம் இருப்பதால் இது சிரமமே இல்லை.

சுருக்கமாக: கடவுச்சொல்லை நிரலே உருவாக்கட்டும், கலந்த வடிவில் அனுப்பட்டும், பெட்டகத்தில் வைக்கட்டும். முடிந்தால் நிமிடங்களில் காலாவதியாகும் சீட்டு.

## கணக்கை மூடுவது

கணக்கு திறப்பதற்கு நிரல் எழுதும் குழுக்களில் பல, மூடுவதற்கு எழுதுவதில்லை. ஒரு நிலையம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு போய்விடும். அதன் மூன்று கணக்குகளும் அப்படியே இருக்கும். யாரும் பார்க்காத கணக்கில் யார் நுழைந்தாலும் யாருக்கும் தெரியாது.

மூடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணக்கைத் தடுத்தாலும், கடவுச்சொல்லுக்கு ‘வேலிட் அன்டில்’ என்று கெடு வைத்தாலும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பு அறுபடாது. சோதனை வாசலில் மட்டும்தான். ஆப்கள் இணைப்புகளை மணிக்கணக்கில், நாள்கணக்கில் திறந்தே வைத்திருக்கும். அமேசானின் 15 நிமிடச் சீட்டும் அப்படித்தான். நுழைந்த பிறகு இணைப்பு தொடரும். மைஎஸ்கியூஎல்லில் கணக்கையே அழித்தாலும் திறந்திருக்கும் இணைப்பு தானாக மூடாது.

அதனால் போஸ்ட்கிரெஸில் மேலாளர் நிரல் செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் அந்த ரோலின் நுழையும் உரிமையை எடுப்பது. அடுத்து, அதன் பெயரில் ஓடும் இணைப்புகளைத் தேடி அறுப்பது. இதற்கென்று ‘பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்’ என்ற செயல்கூறு உண்டு. இந்த வரிசை மாறினால், அறுத்த நொடியில் ஆப் மறுபடியும் இணைந்துவிடும். பிறகு, அந்த ரோலுக்குச் சொந்தமான டேபிள்கள் இருந்தால் ‘ரீஅசைன் ஓன்ட்’ கட்டளையால் வேறு ரோலுக்கு மாற்றி, மிச்சமுள்ள அதிகாரங்களை ‘டிராப் ஓன்ட்’ கட்டளையால் நீக்குவது. இந்த இரண்டும் இணைந்திருக்கும் தரவுத்தளத்துக்குள் மட்டுமே வேலை செய்யும் என்பதால், அந்த ரோல் கால் வைத்த ஒவ்வொரு தரவுத்தளத்திலும் ஓட்ட வேண்டும். கடைசியாகத்தான் ரோலை அழிப்பது. எங்காவது ஒரு டேபிளோ அதிகாரமோ மிச்சமிருந்தால் போஸ்ட்கிரெஸ் அழிக்க மறுத்துவிடும். அந்தப் பிழையை நிரல் விழுங்கிவிடாமல், ஒரு மனிதர் கண்ணில் படும்படி செய்ய வேண்டும்.

இதோடு தினமும் ஒரு வேலையை ஓட்டிவிடுங்கள். சர்வரில் இருக்கும் ரோல்களின் பட்டியலை ஒரு பக்கமும், மேலாளர் நிரல் தன் டேபிளில் எழுதிவைத்திருக்கும் பட்டியலை மறுபக்கமும் வைத்து ஒப்பிட வேண்டும். நம் டேபிளில் இருந்து சர்வரில் இல்லாவிட்டால், கணக்கு திறக்கும் வேலை பாதியில் நின்றிருக்கிறது. சர்வரில் இருந்து நம் டேபிளில் இல்லாவிட்டால், மேலாளர் நிரலுக்குத் தெரியாமல் யாரோ கணக்கு திறந்திருக்கிறார்கள். அவசர வேலைக்காகச் சக ஊழியர் திறந்ததா, வேறு யாருமா என்று அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.